ரவுட்டிங்: சொல் விளக்கம், லினக்ஸ் சர்வர் பக்கத்துல இருந்து

லினக்ஸ் சர்வர்ல எஃப்ஆர்ஆர், பேர்டு மாதிரி, சர்வரையே ரவுட்டரா (ஒரு நெட்வொர்க்ல இருந்து இன்னொண்ணுக்குத் தகவல் அனுப்புற பெட்டியா) மாத்துற மென்பொருள் வச்சு வேலை பாக்குறவங்க நாள் முழுக்க சொல்ற சொல் ரவுட்டிங். ஆனா இந்த ஒரு சொல்லுக்குள்ள ரெண்டு வேலை இருக்கு. எந்த நெட்வொர்க்குக்கு யார் வழியா போகலாம்னு பக்கத்து ரவுட்டர்கள்கிட்ட இருந்து தெரிஞ்சுக்கிட்டு ஒரு முடிவுக்கு வர்றது ஒரு வேலை, வந்த பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, அந்த முடிவுப்படி அடுத்த ஆளுக்குத் தள்ளி விடுறது இன்னொரு வேலை. முதல் வேலை எஃப்ஆர்ஆரோடது, ரெண்டாவது லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலோடது. தமிழ்ல இதுக்குச் சொல் தேடுறப்போ இந்தப் பிரிவைக் காட்டுற சொல்லா தேடணும், ஏன்னா நெட்வொர்க் நின்னு போச்சுன்னா முதல்ல கேக்க வேண்டியதே ரெண்டுல எது நிக்குதுங்கிறதுதான்.

முதல்ல சொல் எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்துருவோம். லத்தீன்ல 'ரும்பெரே'ன்னா உடைக்கிறது, 'வியா ருப்தா'ன்னா உடைச்சுப் போட்ட பாதை, அதாவது காட்டையும் பாறையையும் வெட்டித் திறந்த வழி. அதுல வியா உதிர்ந்து போய் ருப்தா மட்டும் பழைய பிரெஞ்சுல 'ரூட்' ஆகி அங்க இருந்து இங்கிலீஷுக்கு வந்துச்சு. தினமும் ஒரே மாதிரி செய்யுற வேலைக்குச் சொல்ற 'ரொட்டீன்' இதுல இருந்து பிறந்ததுதான், கெர்னல்ல நாம பாக்குற 'இன்டரப்ட்' கூட அதே ரும்பெரேல இருந்துதான், நடுவுல உடைச்சுக்கிட்டு வர்றதுன்னு அர்த்தம். மரவேலையில பள்ளம் தோண்டுற மெஷினுக்கும் ரவுட்டர்னுதான் பேரு, ஆனா அது வேற வேர்ல இருந்து வந்த சொல், ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

இங்கிலீஷ்காரங்களே இதை ரூட்னும் சொல்றாங்க ரவுட்னும் சொல்றாங்க. தமிழ்ல எழுதுறப்போ ரவுட்னு எழுதுறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா லினக்ஸ்ல எல்லா அதிகாரமும் உள்ள யூசர் பேரையும் நாம ரூட்னுதான் எழுதுறோம், ரெண்டையும் ரூட்னு எழுதுனா 'ரூட்டை மாத்திட்டேன்'னு வர்ற மெசேஜைப் படிக்கிறவருக்கு வழியை மாத்துனாங்களா பாஸ்வேர்டை மாத்துனாங்களான்னே புரியாது. இங்கிலீஷ்ல எழுத்து வேற வேறயா இருக்குறதால அவங்களுக்கு இந்தச் சிக்கல் எழுத்துல வராது, நமக்கு வரும்.

ரவுட்டிங்ல ஸ்டாட்டிக், டைனமிக்னு ரெண்டு வகை. 'டைனமிக்' கிரேக்கச் சொல். 'டுனாமிஸ்'னா ஆற்றல். அதுல இருந்து இயக்கம், மாறிக்கிட்டே இருக்கிறதுங்கிற பொருள் வந்துச்சு. ஸ்டாட்டிக் ரவுட்னா நாம கையால எழுதி வைக்கிறது, லிங்க் செத்தாலும் எழுதுனது அப்படியே கிடக்கும். டைனமிக்ல லிங்க் செத்தா சேதி பரவும், வேற வழி தானா உள்ள வரும். இயங்குநிலைன்னு தமிழ்ல வழங்குற சொல் இதுக்குப் போதும், தன்னியக்கம்னு போட்டா ஆட்டோமேஷன் ஞாபகம் வந்துடும்.

இப்ப முக்கியமான கேள்வி, ரவுட்டிங்குக்கு எது சரியான தமிழ். ரவுட்டர் பெட்டிக்குத் திசைவின்னு ஒரு சொல் நல்லா பரவி இருக்கு, சின்னது, வாய்க்கும் வருது, பெட்டிக்கு அதுவே இருந்துட்டுப் போகட்டும். ஆனா அதை வினையாக்கி திசைவித்தல்னு சொல்றப்போ இடறுது, ஏன்னா ரவுட்டர் திசை காட்டுறது இல்ல, இந்த பாக்கெட்டை இந்தப் பக்கத்து ஆள்கிட்ட குடுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். வழிசெலுத்தல் ஏற்கெனவே நேவிகேஷனுக்குப் போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது வழிப்படுத்தல். ஒழுங்குபடுத்து, நெறிப்படுத்து மாதிரி அமைஞ்ச நல்ல சொல், ஒருத்தரை வழியில சேர்த்து விடுறதுன்னு நேரடியா பொருள் வரும். ரெண்டு வேலையையும் சேர்த்துச் சொல்ற பொதுச் சொல்லா இதை வச்சுக்கலாம்.

பழந்தமிழ்ல இன்னும் பொருத்தமான சொல் ஒண்ணு இருந்துச்சு, ஆற்றுப்படுத்தல். ஆறுன்னா வழி. சங்க காலத்து ஆற்றுப்படைப் பாட்டுல, ஒரு வள்ளல்கிட்ட பரிசு வாங்கிட்டுத் திரும்புற பாணர், வழியில எதிர்ப்படுற இன்னொரு பாணர்கிட்ட, நீயும் அங்க போ, இந்த இந்த நிலம் வழியா போன்னு சொல்லி அனுப்புவாரு. டைனமிக் ரவுட்டிங்ல நடக்குறது அச்சு அசல் இதுதான், வழி தெரிஞ்சவரு தெரியாத பக்கத்து ஆளுக்குச் சொல்றாரு, அதைக் கேட்டவரு அடுத்தவருக்குச் சொல்றாரு. ஆனா இன்னைக்கு ஆற்றுப்படுத்தல்னா மனநல ஆலோசனைன்னு பொருள் நிலைச்சுப் போச்சு, அந்தச் சொல்லைப் பிடுங்கி இங்க கொண்டு வர்றது நியாயம் இல்ல.

அதனால நான் சொல்றது இதுதான். பக்கத்துல கேட்டு, எடை போட்டு, ஒரு வழியை எடுக்குற வேலைக்கு வழித்தேர்வு. தேர்ங்கிற வினைக்கு ஆராய்ஞ்சு அறியுறதுன்னும் பொருள் உண்டு, தெரிஞ்செடுக்கிறதுன்னும் உண்டு, எஃப்ஆர்ஆர் பண்ற ரெண்டும் அதுக்குள்ளயே அடங்குது. பாக்கெட்டைத் தள்ளி விடுற ஃபார்வர்டிங்குக்கு மேலனுப்பல். கடத்தல்னும் சிலர் போடுவாங்க, மின்சாரத்துக்கு அது சரி, பாக்கெட்டைக் கடத்துறாங்கன்னு எழுதுனா திருட்டு மாதிரி கேக்குது.

இந்தப் பிரிவு ஸ்கிரீன்லயே தெரியும். எஃப்ஆர்ஆரோட கன்சோல் விடிஒய்எஸ்ஹெச், அதுக்குள்ள போய் 'ஷோ ஐபி ரவுட்'னு கேட்டா ஒவ்வொரு வரியும் ஒரு எழுத்துல ஆரம்பிக்கும், ஓன்னா ஓஎஸ்பிஎஃப், பின்னா பிஜிபி (ரெண்டும் ரவுட்டர்கள் வழியைப் பரிமாறிக்கிற புரோட்டோகால், அதாவது பேச்சு விதிமுறை), எஸ்னா ஸ்டாட்டிக். அந்த எழுத்துக்குப் பக்கத்துல ரெண்டு குறி இருக்கும், > ஒண்ணு, * ஒண்ணு. > இருந்தா இந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்திருக்குன்னு அர்த்தம், அது வழித்தேர்வு. * இருந்தா அது மேலனுப்பல் அட்டவணையிலயும் ஏறியிருக்குன்னு அர்த்தம். ஒரே நெட்வொர்க்குக்கு ரெண்டு வரி இருந்து ஒண்ணுல மட்டும் > இருந்தா அந்த இன்னொண்ணு தோத்துப் போச்சு, எதனாலன்னு பாக்க வரியில சதுர அடைப்புக்குள்ள இருக்குற முதல் எண்ணைப் பாக்கணும். அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ்னு சொல்ற அந்த எண் தூரம் இல்ல, எந்த மூலத்தை எவ்வளவு நம்பலாம்ங்கிற வரிசை, சின்ன எண்ணுக்குத்தான் மரியாதை: நேரா இணைஞ்சது 0, ஸ்டாட்டிக் 1, வெளி பிஜிபி (வேற நிர்வாகத்து நெட்வொர்க்கோட பேசுறது) 20, ஓஎஸ்பிஎஃப் 110, உள் பிஜிபி (நம்ம நெட்வொர்க்குக்குள்ள பேசுறது) 200. தமிழ்ல நம்பக வரிசைன்னு சொல்லலாம். யாரோ என்னைக்கோ போட்டு வச்ச ஸ்டாட்டிக் ரவுட் ஒண்ணு கெடக்கும், ஓஎஸ்பிஎஃப் எவ்வளவு சரியா வழி கொண்டு வந்தாலும் 1க்கு முன்னாடி 110 நிக்காது.

எஃப்ஆர்ஆருக்குள்ளயும் வேலை பிரிஞ்சுதான் இருக்கு. ஓஎஸ்பிஎஃப்புக்கு ஒரு டீமன், பிஜிபிக்கு ஒரு டீமன், எல்லாருக்கும் நடுவுல ஜீப்ரான்னு ஒரு டீமன். ஒவ்வொருத்தரும் கொண்டு வர்ற வழியை வாங்கி, நல்லதைத் தேர்ந்தெடுத்து, நெட்லிங்க் (கெர்னலோட பேசுற வாசல்) வழியா கெர்னல்ல எழுதுறது ஜீப்ராதான். டீமன்ங்கிறது பின்னணியில ஓடுற நிரல், 1963 வாக்குல எம்ஐடியில, இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லோட கற்பனைப் பூதத்தை மனசுல வச்சு இட்ட பேரு. ஜீப்ரா பேருக்கும் கதை இருக்கு: 1996ல குனிஹிரோ இஷிகுரோ க்னூ ஜீப்ரான்னு ஆரம்பிச்சாரு, அதுல இருந்து கிளை பிரிஞ்சது குவாகா, 1883ல கடைசி உயிரும் போய் அழிஞ்ச வரிக்குதிரை வகையோட பேரு, குவாகாவுல இருந்து 2017ல பிரிஞ்சது எஃப்ஆர்ஆர். பேர் ரெண்டு தடவை மாறியும் உள்ள இருக்குற நடு டீமன் மட்டும் இன்னும் ஜீப்ராதான். புதுசா எஃப்ஆர்ஆர் போட்டுட்டு ஓஎஸ்பிஎஃப் கட்டளையே எடுக்க மாட்டேங்குதுன்னு பதறுறவங்க டீமன்ஸ்ங்கிற கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பாருங்க, அங்க அந்த டீமனுக்கு நேரா 'நோ'ன்னு இருக்கும், 'யெஸ்' ஆக்கிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணணும்.

பேர்டுல இதே பிரிவு இன்னும் வெளிப்படையா இருக்கு. பிராக் நகரத்துச் சார்லஸ் பல்கலைக்கழகத்துல மாணவர் புராஜெக்டா தொடங்குன மென்பொருள் அது. அதுல கெர்னலையே ஒரு புரோட்டோகாலா எழுதணும், அந்தப் பகுதியில எக்ஸ்போர்ட்டுக்கு (வழியை வெளிய குடுக்குறதுக்கு) நாம எதுவும் எழுதலைன்னா கெர்னலுக்கு ஒரு வழியும் போகாது. பேர்டுகிட்ட கேட்டா அட்டவணை நிறைய வழி காட்டும், கெர்னல்கிட்ட கேட்டா காலியா இருக்கும், வழித்தேர்வு முடிஞ்சு மேலனுப்பலுக்குச் சேதியே போகலைன்னு அப்பவே புரிஞ்சுடும்.

இனி தேர்வு சரியா இருந்து பாக்கெட் மட்டும் போகாத நிலைமை. இதுலதான் நிறைய பேர் மணிக்கணக்கா ஓஎஸ்பிஎஃப் கான்ஃபிக்கையே திருப்பித் திருப்பி படிச்சுக்கிட்டு இருக்காங்க, அது எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கு, ஏன்னா தப்பு அங்க இருக்கவே இருக்காது. நெய்பர் (பக்கத்து ரவுட்டர்) எல்லாம் ஃபுல், அதாவது பேச்சு முழுசா முடிஞ்சுது, > இருக்கு, * இருக்கு, ஆனா அந்தப் பக்கம் பிங் போகல. முதல்ல கெர்னல்ல ஐபி ஃபார்வர்ட்ங்கிற அமைப்பு 1ஆ 0வான்னு பாக்கணும். லினக்ஸ்ல இயல்பா அது 0, அதாவது எனக்குன்னு வந்த பாக்கெட்டை வாங்கிப்பேன், அடுத்தவனுக்கு வந்ததைத் தூக்கிப் போட்டுடுவேன்னு இருக்கும். எஸ்ஒய்எஸ்சிடிஎல் கட்டளையில 1 ஆக்குனா உடனே வேலை செய்யும், ஃபைல்ல எழுதலைன்னா ரீபூட்டுல திரும்ப 0 ஆகிடும், ஐபிவி6க்குத் தனியா இன்னொண்ணு போடணும்.

அதுவும் சரின்னா அடுத்த சந்தேகம் ஆர்பி ஃபில்டர்ங்கிற கெர்னல் அமைப்பு. ஒரு பாக்கெட் வந்த இன்டர்ஃபேஸ் வழியாவே அதை அனுப்புனவருக்குத் திரும்பப் போற வழியும் இருக்கான்னு கெர்னல் பாக்கும், 1ன்னு கண்டிப்பா இருந்தா, வழி வேற இன்டர்ஃபேஸ்ல இருந்துச்சுன்னா சத்தமில்லாம போட்டுடும். டைனமிக் ரவுட்டிங் வந்துட்டாலே போற வழியும் வர்ற வழியும் வேற வேறயா ஆகுறது சகஜம், அங்க 2ன்னு தளர்த்தி வைக்கிறதுதான் வழக்கம். பொது அமைப்புல ஒண்ணு, இன்டர்ஃபேஸ்ல ஒண்ணுன்னு இருந்தா ரெண்டுல பெரிய எண்தான் செல்லும், இது தெரியாம ஒரு இடத்துல மட்டும் 0 போட்டுட்டு ஏன் மாறலைன்னு தேடுறவங்க உண்டு. 'ஐபி ரவுட் கெட்'னு அட்ரஸைக் குடுத்துக் கேட்டா கெர்னல் இப்ப எந்தப் பக்கம் அனுப்பும்னு ஒத்தை வரியில சொல்லிடும், அதோட, பாக்கெட்டைப் பிடிச்சுக் காட்டுற டிசிபிடம்ப் வச்சு ஒரு பக்கம் பாக்கெட் உள்ள வர்றதையும் இன்னொரு பக்கம் வெளிய போகுதாங்கிறதையும் பாத்தா மேலனுப்பல் பிரச்சனையில பாதி முடிஞ்ச மாதிரி.

தேர்வு பக்கமே நிக்குறப்போ அறிகுறி வேற மாதிரி இருக்கும், பக்கத்து ஆளோட பேச்சே முழுசா நடக்காது. ஓஎஸ்பிஎஃப்ல இயல்பா பத்து செகண்டுக்கு ஒரு ஹலோ சேதி, நாப்பது செகண்டு சத்தம் இல்லைன்னா ஆள் செத்ததா கணக்கு, ரெண்டு பக்கமும் இந்த எண்கள் ஒத்துப் போகலைன்னா நெய்பரே ஆக மாட்டாங்க. ஹலோ எல்லாம் பரிமாறி எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச்ங்கிற நடு நிலைகள்ல வந்து மாட்டிக்கிட்டா பெரும்பாலும் ரெண்டு பக்கத்து எம்டியு (ஒரு தடவையில அனுப்பக்கூடிய பாக்கெட்டோட அதிக அளவு) வேற வேறயா இருக்கும், டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள்ள வச்சு அனுப்புற பாதை) போட்ட இடத்துல இது ரொம்ப வரும். ஃபயர்வால்ல 89ன்னு திறந்துட்டேன்னு சொல்வாங்க, அது போர்ட் எண் இல்ல, ஐபி புரோட்டோகால் எண், டிசிபியிலயோ யுடிபியிலயோ 89ஐத் திறந்து பிரயோஜனம் இல்ல. பிஜிபிக்குத்தான் போர்ட், டிசிபி 179.

பிஜிபியில ஒரு சொல்லே ஆளை ஏமாத்தும். நெய்பர் நிலைமை 'ஆக்டிவ்'னு காட்டுனா நல்லா இருக்குன்னு நினைக்கத் தோணும். அப்படி இல்ல, இணைப்புக்கு இன்னும் முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கு, கிடைக்கலைன்னு அர்த்தம். 'எஸ்டாப்ளிஷ்ட்' ஆனாதான் பேச்சு நடக்குது. தமிழ்ல எழுதுறப்போ இதைச் செயலில்னு போட்டுடாதீங்க, முயற்சியில்னு போடுங்க. பிஜிபி நெய்பர்களைச் சுருக்கமா காட்டுற சம்மரியில வழி எண்ணிக்கைக்குப் பதிலா பாலிசின்னு வந்தா அது வேற விஷயம், இணைப்பு சரி, வெளி நெய்பருக்கு எதை வாங்கணும் எதைக் குடுக்கணும்னு விதி எழுதலைன்னு சொல்லுது. 2017ல வந்த ஆர்எஃப்சி 8212ங்கிற இணையத் தரநிலை ஆவணப்படி விதி இல்லாம எதையும் வாங்கவும் கூடாது குடுக்கவும் கூடாது, எஃப்ஆர்ஆர் அதை இயல்பாவே கடைபிடிக்குது. நல்ல ஏற்பாடு, ஒருத்தர் கவனமில்லாம விட்டதால ஊர்ப்பட்ட வழியெல்லாம் கசியுறது இதால தடுக்கப்படுது.

சுத்தி இருக்குற மத்த சொல்லுக்கும் ஒரு வார்த்தை. நெய்பர்னா அயல் அல்லது அயலி. பாக்கெட்டை அடுத்து வாங்கப் போற ரவுட்டரைச் சொல்ற நெக்ஸ்ட் ஹாப்புக்கு அடுத்த தாவல். எல்லா ரவுட்டரும் ஒரே முடிவுக்கு வந்து நிக்குற கன்வெர்ஜன்ஸுக்கு ஒருங்கல் பொருந்தும். ஒரு புரோட்டோகால்ல கேட்டதை இன்னொண்ணுல சொல்ற ரீடிஸ்ட்ரிபியூஷனுக்கு மறுபகிர்வு. ஒரு வழி வந்து வந்து போகுதே, ஃபிளாப்னு சொல்றது, அதுக்கு ஊசலாட்டம்னு சொன்னா யாருக்கும் விளக்கம் தேவைப்படாது, லாக்ல ஒரே நெட்வொர்க் ஏறி இறங்கி ஏறி இறங்கி வர்றதைப் பாத்தா அந்தச் சொல்தான் முதல்ல வாயில வரும்.