காம்பவுண்ட் வில்: பொருந்தாத அம்பு என்ன செய்யும்?

பெங்களூரில் காம்பவுண்ட் வில், அதாவது முனைகளில் சக்கரம் வைத்த நவீன வில், வாங்குகிறவர்கள் இந்தச் சில வருடங்களில் நன்றாகவே கூடியிருக்கிறார்கள். 2023-இல் பெர்லினில் அதிதி ஸ்வாமியும் ஓஜஸ் தேவ்தளேயும் உலக சாம்பியன் ஆனார்கள். அதே வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டின் ஐந்து தங்கத்தையும் இந்தியாவே அள்ளியது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் வரப்போகிறது. அல்சூரிலிருந்தும் மர்ஃபி டவுனிலிருந்தும் நம் வீட்டுப் பிள்ளைகள் வில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பயிற்சிக்கு வருவதைப் பார்க்க மனசு நிறைகிறது.

வில்லை செட் செய்து, அம்பு தயார் செய்து, கூடவே பயிற்சியும் கொடுப்பது என் வேலை. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்: வில்லுக்குப் பெரிய தொகையைக் கொடுக்கிறவர்கள் அம்பை மிச்சப் பணத்தில் வாங்குகிறார்கள். ஆன்லைனில் எது மலிவோ அது, அல்லது தெரிந்த அண்ணன் ஒருவர் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய செட். "அண்ணா, அம்புதானே, எது போட்டாலும் போகும்ல?" என்று கேட்கிறார்கள். போகும். ஆனால் எல்லா நேரமும் முன்னால் போகாது. உடைந்து, வில்லைப் பிடித்திருக்கும் கைக்குள்ளேயே போகவும் செய்யும்.

காம்பவுண்டில் ஓர் ஏமாற்று உண்டு. 60 பவுண்ட் வில்லை முழுதாக இழுத்துவிட்டால், 80 சதவீத லெட்-ஆஃப் (முழுதாக இழுத்ததும் பாரம் குறையும் அளவு) உள்ள கேமில், அதாவது வில் முனைச் சக்கரத்தில், விரல் தாங்குவது வெறும் 12 பவுண்ட்தான். லேசாக இருப்பதால் வில்லே லேசானது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ரிலீஸை, அதாவது நாணைப் பிடித்து விடுவிக்கும் கருவியை, அழுத்தியதும் அம்பு வாங்குவது அந்த 12 பவுண்டை அல்ல, முழு 60 பவுண்ட் விசையை. நாண் பின்னாலிருந்து தள்ளுகிறது, முன்னால் இருக்கும் பாயிண்ட் (அம்பின் முனை) தன் எடையால் எதிர்க்கிறது, நடுவில் ஷாஃப்ட் (அம்பின் தண்டு) வளைகிறது. எவ்வளவு வளையும் என்பதைச் சொல்வதுதான் ஸ்பைன்.

ஸ்பைன் எண்ணை அளக்கும் முறை எளிது. ஷாஃப்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு முனைகளில் தாங்கவைத்து, நடுவில் 1.94 பவுண்ட், அதாவது ஏறத்தாழ 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் அது 500 ஸ்பைன். 0.340 அங்குலம் தொய்ந்தால் 340. எண் குறையக் குறைய ஷாஃப்ட் விறைப்பு. புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பெரிய எண் என்றால் பலமான அம்பு என்று வாங்கிவிடுகிறார்கள்.

60 பவுண்ட், 29 அங்குல டிரா லெங்த் (நாணை இழுக்கும் நீளம்) உள்ள ஒருவருக்கு, 100 கிரெய்ன் (அம்பு எடையின் அலகு) பாயிண்டோடு, தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் பொதுவாக 400 அல்லது 340 பக்கம் கைகாட்டும். ரிகர்வ் (சக்கரம் இல்லாத, முனை வெளிப்பக்கம் வளைந்த வில்) பயிற்சியில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் 700, 800 ஸ்பைன் அம்பு வைத்திருப்பார்கள். அவர்கள் வில்லுக்கு அது சரி. அதை எடுத்து 60 பவுண்ட் காம்பவுண்டில் மாட்டினால், நாண் தள்ளும் வேகத்தில் ஷாஃப்ட் அளவுக்கு மீறி வளைந்து, வில்லில் அம்பு தங்கும் இடமான ரெஸ்டைக் கடப்பதற்குள் முறியலாம். முறிந்த பின்பாதியை நாண் விடாமல் தள்ளும். அதன் பாதையில் இருப்பது வில் பிடித்த கையின் பெருவிரல் அடிப்பகுதியும் மணிக்கட்டும். ஒரே மைதானத்தில் ரிகர்வும் காம்பவுண்டும் சேர்ந்து பயிற்சி செய்யும் இடங்களில், அம்புகள் கலந்துவிடாமல் பார்க்க ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். அம்பின் பின்பக்கச் சிறகான வேனின் நிறத்தை வேறுபடுத்தி வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது எடை. இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெய்ன் அம்பு எடை வேண்டும் என்று பெரும்பாலான வில் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். 60 பவுண்ட் வில்லுக்கு 300 கிரெய்ன், அதாவது சுமார் 19.4 கிராம். பாயிண்ட், அதைத் தாங்க ஷாஃப்டுக்குள் பொருத்தும் இன்சர்ட், பின்முனையில் நாணைக் கவ்வும் நாக், வேன் எல்லாம் சேர்ந்த எடை இது. வேகத்துக்கு ஆசைப்பட்டு இதற்குக் கீழே போனால், அம்பு எடுத்துக்கொள்ளாத ஆற்றல் திரும்பி வில்லுக்குள்ளேயே இறங்கும். அம்பே இல்லாமல் நாணை விடுவதற்குப் பக்கத்தில் வந்துவிடும் நிலை அது. லிம்ப் (வில்லின் வளையும் பகுதி) பிளக்கும், கேமிலிருந்து நாண் கழன்று பறக்கும். விளம்பரத்தில் போட்டிருக்கும் வேகம் 70 பவுண்ட், 30 அங்குலம், 350 கிரெய்ன் அம்பு என்ற கணக்கில் அளந்தது. 28 அங்குலம் இழுக்கும் உங்களுக்கு அது வரவே வராது. அதைத் துரத்த வேண்டாம். நான் செட் செய்யும் வில்களுக்கு பவுண்டுக்கு 6 கிரெய்னுக்குக் குறைந்து போவதில்லை. வில்லும் அமைதியாக இருக்கும், அம்பும் காற்றில் நிலையாகப் போகும்.

வளர்கிற பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் கவனிக்க வேண்டியது அம்பின் நீளம். போன வருடம் அளவாக வெட்டிய அம்பு, கை நீண்டு கேமில் டிரா லெங்தை மாற்றியதும் குட்டையாகிவிடும். முழுதாக இழுத்த நிலையில் ஷாஃப்டின் முனை ரெஸ்டுக்கு முன்னால் ஒரு அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். ரெஸ்டுக்குப் பின்னால் வந்துவிட்டால் அடுத்த ஷாட் நேராகக் கைக்குத்தான். டிரா லெங்தை மாற்றுகிற அன்றே அம்பையும் எடுத்துவந்து காட்டுங்கள்.

சரி, பொருத்தமான அம்பு வாங்கியாயிற்று. அத்தோடு முடிந்ததா? கார்பன் அம்பின் குணமே வேறு. அலுமினியம் வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். கார்பன் வெளியே நேராகவே இருக்கும், உள்ளே இழை பிரிந்திருக்கும். ஒரு அம்பு இன்னொன்றின் நாக் மீது இடித்தாலோ, டார்கெட் ஸ்டாண்டின் கட்டையிலோ இரும்பிலோ பட்டாலோ, அந்த அம்பை அடுத்த ஷாட்டுக்கு அப்படியே எடுக்கக் கூடாது. பாயிண்ட் பக்கம் ஒரு கை, நாக் பக்கம் ஒரு கை வைத்துப் பிடித்து, முகத்தைவிட்டு விலகியபடி லேசாக வில் மாதிரி வளையுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். சின்னதாக ஒரு 'டிக்' சத்தம் வந்தாலும் அந்த அம்பு முடிந்தது. கால் சுற்று திருப்பி மறுபடி வளைத்து, ஒரு முழுச் சுற்றையும் முடியுங்கள். அப்புறம் இரண்டு முனையையும் எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். பஞ்சை ஷாஃப்ட் மேல் இழுத்தால் பிரிந்த இழையில் சிக்கி நிற்கும். விரலால் தடவ வேண்டாம். நாக்கிலும் விரிசல் பாருங்கள். நாக் உடைந்தால் நாண் வெற்றிடத்தை அடிக்கும். இதெல்லாம் ஓர் அம்புக்கு அரை நிமிட வேலை. கழித்த அம்பை அங்கேயே இரண்டாக உடைத்துப் போடுங்கள். குப்பையிலிருந்து அதை எடுத்து நாக்கை மாற்றி மறுபடி எய்கிற ஆர்வமுள்ள பையன் ஒருவன் எந்த மைதானத்திலும் இருப்பான்.

கையில் கார்பன் குத்திவிட்டால் பிடுங்காதீர்கள். உள்ளே பல இழைகளாகப் பிரிந்து தங்கிவிடும். அசையாமல் துணி சுற்றி, கை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். கார்பன் இழை எக்ஸ்ரேயில் எளிதில் தெரியாது. அதனால் "கார்பன் அம்பு உடைந்து குத்தியது" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி, உடைந்த மிச்சத்தையும் காட்டுங்கள்.

வீட்டிலேயே அம்பு தயார் செய்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு. ஷாஃப்டை ஹாக்ஸா பிளேடாலோ பைப் கட்டராலோ வெட்டினால் முனையில் இழை பிளக்கும். அதிவேகத்தில் சுற்றும் மெல்லிய சாணைத் தகடுதான் வேண்டும், முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். கார்பன் தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது. வெட்டியபின் முனையைச் சதுரமாகத் தேய்த்துச் சமப்படுத்தவில்லை என்றால் இன்சர்ட் சாய்வாக உட்காரும். ஹாட் மெல்ட் பசையை உருக்கும்போது சூட்டை பாயிண்டுக்குக் கொடுங்கள், கார்பனுக்கு நேராக நெருப்பைக் காட்டினால் அதன் பிசின் கெட்டுவிடும்.

டியூனிங்குக்கு நான் முதலில் செய்வது பேப்பர் டெஸ்ட். சட்டத்தில் காகிதத்தை இறுக்கிக் கட்டி, ஆறேழு அடி தள்ளி நின்று, பின்னால் நல்ல டார்கெட் வைத்து எய்யுங்கள். பாயிண்ட் போட்ட ஓட்டையும் வேன்கள் போட்ட கிழிசலும் ஒரே இடத்தில் இருந்தால் அம்பு நேராகப் போகிறது. வேன் கிழிசல் மேலே இருந்தால் ரெஸ்டைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும், கீழே இருந்தால் தாழ்த்த வேண்டும். பக்கவாட்டில் கிழிந்தால் உடனே ரெஸ்டைத் தொடாதீர்கள். பாதி நேரம் காரணம் வில்லைப் பிடித்திருக்கும் பிடி. உள்ளங்கையால் கிரிப்பை முறுக்குகிறவருக்கு எந்த அட்ஜஸ்ட்மெண்டும் நிலைக்காது. பிடியைத் தளர்த்தி மறுபடி சில அம்பு எய்யச் சொல்வேன். அதற்குப் பிறகும் ஒரே பக்கம் கிழிந்தால்தான் ரெஸ்ட், கேமின் சாய்வு, கடைசியாக ஸ்பைன் என்று போவேன். ஓர் அம்பு மட்டும் தனியாகக் கிழித்தால் அதன் நாக்கைத் திருப்பிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

இந்த நுணுக்கங்களை நிறையப் பேர் அமெரிக்க வேட்டைக்காரர்களின் வீடியோக்களிலிருந்து கற்றுக்கொண்டு வருகிறார்கள். அதில் தவறில்லை. வேட்டை அம்பின் முனையில் இருக்கும் பிராட்ஹெட் கத்திகள் முன்பக்கச் சிறகு மாதிரி காற்றைப் பிடிக்கும். டியூனிங்கில் சிறு பிசகு இருந்தாலும் அம்பைத் திருப்பிவிடும். அதனால்தான் அவர்கள் எடை கூடிய ஷாஃப்ட், அகலமான முறுக்கு வேன், முன்பாரம் (அம்பின் எடை முன்பக்கம் கூடியிருப்பது) என்று அவ்வளவு கவனமாக வேலை செய்கிறார்கள். முன்பாரத்தைக் கணக்கிடும் முறை நமக்கும் உதவும். 28 அங்குல அம்பு நாக்கிலிருந்து 17.5 அங்குலத்தில் சமநிலையில் நின்றால், பாதியான 14-ஐக் கழித்து வரும் 3.5-ஐ 28-ஆல் வகுங்கள்; 12.5 சதவீதம். வேட்டை அம்புக்கு 10 முதல் 15 வரை என்பார்கள். நம் 50 மீட்டர் டார்கெட் அம்புக்கும் அது நன்றாகவே ஒத்துவரும்.

ஆனால் பிராட்ஹெட்டை நீங்கள் வாங்கவே வேண்டாம். அது டார்கெட்டை நாசம் செய்யும், அதை மாட்டும்போது விரலையும் அறுக்கும். அதைவிட முக்கியம், இந்தியாவில் அதற்கு வேலையே இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடைசெய்கிறது. கொல்வது மட்டுமல்ல, அதற்கான முயற்சியும் சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். "ஓசூர் பக்கம் மாமா தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வருது மாஸ்டர், ஒரு அம்பு விட்டா என்ன?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். காட்டுப்பன்றியும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம்தான் போக வேண்டும். நிறையப் பேருக்குத் தெரியாத இன்னொன்று: அந்தச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்கான விளக்கத்திலேயே வில்லும் அம்பும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ நுழைவது குற்றம். பயிற்சி முடிந்து வில் பையைக் காரில் வைத்துக்கொண்டு அப்படியே பன்னேர்கட்டா பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகத் திட்டமிடுகிறவர்கள், முதலில் வீட்டுக்குப் போய் பையை இறக்கிவிட்டுப் போங்கள்.

மொட்டை மாடிப் பயிற்சி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் இடம் இல்லை என்று எல்லாரும் கைவைப்பது அதில்தான். நொடிக்கு 280 அடி என்றால் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். சற்று உயர்த்திப் பிடித்த நிலையில் ரிலீஸ் தவறிவிட்டால் அம்பு முந்நூறு மீட்டரைத் தாண்டி விழும். ஒயிட்ஃபீல்டிலோ சிவாஜிநகரிலோ அந்தத் தூரத்துக்குள் எத்தனை பால்கனி, எத்தனை பள்ளிக்கூடம் என்று எண்ணிப் பாருங்கள். மாடியில் டார்கெட் வைத்து எய்யாதீர்கள். அம்பில்லாமல் காம்பவுண்டை இழுத்து இழுத்து இறக்கிப் பழகுவதும் வேண்டாம், ரிலீஸ் ஒரு தடவை கைமீறினால் வில் போய்விடும். வீட்டில் பழக, இழுவை ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு தோளும் முதுகும் சரியாக வேலை செய்கிறதா என்று கண்ணாடி முன் நின்று பாருங்கள். எய்வதை, பின்னால் உயரமான தடுப்புள்ள ரேஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்.