கல்லிங்: கீரைக்கு உள்ள சொல் படத்துக்கும் பொருந்தும்

முகூர்த்தம், ரிசப்ஷன் இரண்டையும் முடித்துவிட்டு மெமரி கார்டுகளைக் கணினியில் இறக்கினால் 4,000 படம் சாதாரணமாக நிற்கும். ஆல்பத்துக்குப் போவது 300, மிஞ்சினால் 400. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே ராத்திரி உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் பெயர்தான் 'கல்லிங்'.

'செலக்‌ஷன்' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது வாடிக்கையாளர் வந்து ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பதைக் குறிக்கும். "பார்ட்டி செலக்‌ஷனுக்கு வந்தாச்சா?" என்றால் அதுதான். அதற்கு முன்னால், அவர்கள் கண்ணில் படவே கூடாத படங்களை நாமே ஒதுக்கும் கட்டத்துக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான் கல்லிங். கல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாகச் சேர்ந்த பையன்கள் கேட்பார்கள். அரிசியில் கல் பொறுக்குவது என்று நினைத்துக்கொண்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

உண்மையில் இது ஆங்கிலத்தின் 'கல்' என்னும் வினை. பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, மூலம் லத்தீனின் 'கொல்லிகெரே'. அதன் பொருள் ஒன்றுசேர்ப்பது, திரட்டுவது. 'கலெக்‌ஷன்' என்ற சொல்லும் அதே வயிற்றில் பிறந்ததுதான். பிரெஞ்சில் இன்றைக்கும் பூப்பறிப்பதற்கு இந்தக் குடும்பத்துச் சொல்தான். ஆக ஆரம்பத்தில் இது நல்லதைப் பறித்து எடுத்துக்கொள்வதைக் குறித்தது. பிறகு பண்ணைக்காரர்கள் கையில் சிக்கியது. மந்தையில் நோஞ்சான் ஆட்டையும் முட்டையிடாத கோழியையும் பிரித்துத் தள்ளுவதற்கு அதே சொல்லைப் புழங்கினார்கள். எடுப்பதற்கு இருந்த சொல் தள்ளுவதற்கும் ஆகிவிட்டது.

படத்துறைக்கு வந்த பிறகும் அந்த இரட்டைக் குணம் போகவில்லை. சிலர் மோசமானதைத் தள்ளிக்கொண்டே போவார்கள், கடைசியில் மிஞ்சுவது நல்லது. சிலர் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டே போவார்கள், மற்றதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. லைட்ரூம் மென்பொருளில் இரண்டுக்கும் விசை உண்டு: 'பி' அழுத்தினால் எடுத்ததாகக் கொடி ஏறும், 'எக்ஸ்' அழுத்தினால் தள்ளியதாகக் குறி விழும். கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டால் குறி விழுந்ததும் அடுத்த படம் தானாக வந்து நிற்கும். என் அனுபவத்தில் எடுத்துக்கொண்டு போகிறவர்களே சீக்கிரம் வீடு போய்ச் சேருகிறார்கள். தள்ளும் மனநிலையில் உட்கார்ந்தால் ஒவ்வொரு படத்துக்கும் "பாவம், இருக்கட்டுமே" என்று தோன்றும், 4,000-இல் 2,500 தேறிவிடும்.

பிலிம் காலத்தில் இதற்குத் தனிப்பெயரே தேவைப்படவில்லை. ஒரு ரோலுக்கு 36 படம், அத்தனையும் ஒரே தாளில் கட்டைவிரல் அளவுக்கு அச்சாகி வரும். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்துவிட்டு மெழுகுப் பென்சிலால் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. பத்திரிகைகளில் அதைத்தான் 'எடிட்' என்றார்கள். நம் ஊரில் எடிட் என்றால் முகத்தை வெளுப்பாக்குவது என்று ஆனது பிந்தைய கதை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கழித்தல்' என்று சொல்லலாம். கோழிப்பண்ணைக்கு அது பொருத்தமான சொல், கழிவுக்கோழி என்றே சொல்கிறோம். ஆனால் அதில் தள்ளுவது மட்டும்தான் இருக்கிறது, எடுப்பது இல்லை. பள்ளிக்கூடக் கணக்கும் கூடவே நினைவுக்கு வந்து தொலைக்கும். 'களையெடுப்பு' கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குத்தான் உதைக்கிறது. வயலில் பயிர் அதிகம், களை குறைவு. இங்கே பத்தில் ஒன்பது களை. 'பொறுக்குதல்' சரியான சொல்தான், ஆனால் அந்த வேலையைச் செய்கிறவரை என்னவென்று கூப்பிடுவது? அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

முறத்தோடு பழகிய சொற்கள் இன்னொரு பக்கம் வரிசையில் நிற்கின்றன: புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல். ஒவ்வொன்றுக்கும் கை அசையும் விதம் வேறு. கணினியில் இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று போகும்போது உண்மையிலேயே அந்த வித்தியாசம் தெரிகிறது. ஆனால் முறம் மொத்தமாகப் பிரிக்கும் கருவி. படத்தை ஒவ்வொன்றாகத்தான் பார்த்தாக வேண்டும்.

அப்புறம்தான் கீரை ஞாபகம் வந்தது. முளைக்கீரைக் கட்டைப் பிரித்துத் தரையில் போட்டு, இலையைக் கிள்ளிப் பாத்திரத்திலும் பூச்சி அரித்ததையும் முற்றிய தண்டையும் குப்பையிலும் போடுகிறோம். அதற்குக் 'கீரை ஆய்தல்' என்று பெயர். எடுப்பதும் தள்ளுவதும் ஒரே கையசைவில் நடக்கின்றன. யாழ்ப்பாணத் தமிழில் பூ ஆய்வது, மாங்காய் ஆய்வது என்றால் பறிப்பது. லத்தீன் வழி வந்த சொல் பறிப்பதிலிருந்து தெரிந்தெடுப்பதற்குப் போனது, நம் சொல்லிலும் அந்த இரண்டு பொருளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பழந்தமிழில் தேர்ந்த நகை அணிந்தவளை 'ஆயிழை' என்றார்கள். தொல்காப்பிய உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாஅய் என்ற நான்குக்கும் 'உள்ளதன் நுணுக்கம்' என்று பொருள் சொல்லியிருக்கிறது. உள்ளதை நுணுக்குவது! 4,000-ஐ 400 ஆக்குவதற்கு இதைவிடப் பொருத்தமாக யார் சொல்லிவிட முடியும்?

ஒரு சிக்கல் உண்டு. 'பட ஆய்வு' என்று பெயர்ச்சொல்லாக்கினால் ஆராய்ச்சிக் கட்டுரை வாடை அடிக்கும். அதனால் வினையாகவே வைத்துக்கொள்ளலாம்: படம் ஆய்வது, ஆய்ந்த படங்கள், ஆய்ந்து ஒதுக்கியவை.

ஒதுக்கியவை என்றுதான் சொல்கிறேன், அழித்தவை என்று சொல்லவில்லை. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக்கு 23 படம் எடுத்திருந்தேன். ஒன்றில் மாப்பிள்ளை கண் மூடியிருந்தார், ஒன்றில் அட்சதை மணி பெண்ணின் மூக்குக்கு நேரே மிதந்தது, ஒன்றில் வீடியோக்காரர் முழங்கை. எல்லாம் பொருந்திய ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற 22-ஐயும் அழித்துவிட்டேன். ஆல்பத்தைப் பார்த்த பெண்ணின் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எங்க அண்ணன் எங்கே?" தாய்மாமன் அந்த ஒரு படத்தில் மட்டும் யாரோ ஒருவர் தூக்கிப் பிடித்த செல்போனுக்குப் பின்னால் இருந்தார். கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேனே தவிர யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஒதுக்கியதெல்லாம் தனி ஃபோல்டரில் ஆறு மாதம் கிடக்கும். கீரை ஆய்கிறவர்கள்கூட இளந்தண்டை உடனே வீசுவதில்லை, சாம்பாருக்கு ஆகும் என்று எடுத்து வைப்பார்கள்.

எங்கள் கடையில் பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு ஒருவன் போன் செய்தான்: "அண்ணே, முகூர்த்தம் ஆய்ஞ்சுட்டேன். ரிசப்ஷன் காலையில வந்து ஆயட்டா?"