கருமுட்டை ஊறும் நீரில் சிகரெட் புகை

சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சைக்காகக் கருத்தரிப்பு மையத்தில் முட்டை எடுக்கும் நாளன்று, மருத்துவர் ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே நீண்ட ஊசியொன்றைச் சினைப்பைக்குள் செலுத்தி, ஃபாலிக்கிள் எனப்படும் ஒவ்வொரு நீர்ப்பையையும் உறிஞ்சி எடுக்கிறார். குழாயில் சேரும் வைக்கோல் நிறத் திரவத்திலிருந்து முட்டையைப் பிரித்தெடுத்த பின் எஞ்சுவதை வழக்கமாகக் கொட்டிவிடுவார்கள். ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது, புகைபிடிக்கும் பெண்களின் திரவத்தில் நிகோட்டின் சிதைந்து உண்டாகும் கோட்டினினும், காட்மியம் என்ற நச்சு உலோகமும், புகையிலை எரியும்போது உண்டாகும் பென்சோபைரீன் என்ற நச்சும் இருந்தன. நெஞ்சுக்குள் இழுத்த புகை, முட்டை ஊறிக்கிடக்கும் நீர்வரை போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பெண் குழந்தை பிறக்கும்போது அதன் சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும். பூப்பெய்தும் வயதில் அவை 3 அல்லது 4 லட்சமாகக் குறைந்திருக்கும். விந்தணுவைப் போல முட்டைகள் நாள்தோறும் புதிதாக உருவாவதில்லை. பென்சோபைரீன் போன்ற புகைப் பொருள்கள் முட்டைக்குள் இருக்கும் ஓர் ஏற்பியில் (வேதிப்பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதத்தில்) ஒட்டிக்கொண்டு, பாக்ஸ் என்னும் மரபணுவை முடுக்கிவிட, முட்டை தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்பதை 2001-இல் வெளியான எலி ஆய்வு காட்டியது. புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் 1 முதல் 4 ஆண்டுகள் முன்னதாகவே நின்றுவிடுவதற்கான காரணம் இதில் விளங்குகிறது.

சிகிச்சையில் போடப்படும் ஹார்மோன் ஊசி இந்த இழப்பை ஈடுகட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. அந்த மாதம் வளரத் தயாராகிவிட்ட நீர்ப்பைகளை வாடிப்போகாமல் வளர்த்தெடுக்க மட்டுமே ஊசியால் முடியும், கையிருப்பில் இல்லாததை அது உண்டாக்காது. 2009-இல் 21 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், சிகிச்சையின் ஒவ்வொரு சுற்றிலும் உயிருடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு புகைப்பவர்களுக்குக் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தது. கருச்சிதைவின் வாய்ப்போ இரண்டரை மடங்குக்கும் மேல்.

முட்டை மட்டுமே காரணமென்றால், கொடையாளரிடமிருந்து நல்ல முட்டை பெற்றவர்களிடம் வேறுபாடு தெரியக்கூடாது. ஆனால் ஸ்பெயினில் அத்தகைய பெண்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் புகைத்தவர்களில் 34 சதவீதத்தினரும், அதற்கு மேல் போகாதவர்களிலும் புகைக்காதவர்களிலும் 52 சதவீதத்தினரும் கருவுற்றார்கள். கருவை ஏற்கும் கருப்பையின் பக்குவத்தையும் புகை கெடுப்பதாகவே இதைக் கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் இதைப் படிக்கும் பெரும்பாலான பெண்கள், தங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைக்கக்கூடும். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைபிடிக்கும் பெண்கள் 2 சதவீதம், ஆண்கள் 19 சதவீதம். ஆனால் துணைவர் விடும் புகையும் பெண்ணைப் பாதிக்கலாம். கனடாவில் 2005-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், கரு வைக்கப்பட்ட பின் கருத்தரித்தவர்கள், புகையில்லா வீட்டுப் பெண்களில் 48 சதவீதம். தாமே புகைத்தவர்களில் 19 சதவீதம். துணைவர் மட்டும் புகைத்த பெண்களில் 20 சதவீதம். குழந்தையில்லாக் குறைக்கு மனைவியை மட்டுமே பொறுப்பாக்கும் வீடுகள் இந்தக் கடைசி எண்ணைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அழிந்த முட்டைகள் திரும்ப வரமாட்டா. ஆனால் எஞ்சியிருக்கும் முட்டையொன்று தன் இறுதி வளர்ச்சியை முடிக்க ஏறத்தாழ 85 நாள்கள் பிடிக்கும் என்பதால், அந்த மூன்று மாதமும் அது புகையில்லாத நீரில் வளர வழியுண்டு. ஸ்காட்லாந்தின் அரசு மருத்துவச் சேவை, கணவன் மனைவி இருவருமே குறைந்தது 3 மாதங்கள் புகையை விட்டிருந்தால்தான் இந்தச் சிகிச்சையைத் தொடங்குகிறது.