குவாலிடேட்டிவ் என்றால் தரமானதா? 'பண்புசார் ஆய்வு' – சொல் விளக்கம்

பெங்களூருவில் டிசைன் வேலையிலிருந்து யூசர் ரிசர்ச் (ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவர்களை ஆராய்வது) பக்கம் தாவப் பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகளும், இங்கே சமூகவியல், சமூகப்பணி படிக்க வந்தவர்களும் முதலில் முட்டிக்கொள்கிற சொல் 'குவாலிடேட்டிவ் ரிசர்ச்'. எண்ணிப் பார்க்காமல், ஆட்களோடு பேசி ஒரு விஷயம் எப்படிப்பட்டது, ஏன் அப்படி என்று அறிகிற ஆய்வு முறை அது. தமிழில் என்ன என்று கேட்டால் மொழிபெயர்ப்புக் கருவி யோசிக்காமல் 'தரமான ஆராய்ச்சி' என்று தந்துவிடும். அப்போ புள்ளிவிவரம் எடுக்கிறவர்கள் செய்வதெல்லாம் தரங்கெட்ட ஆராய்ச்சியா? கேலிக்காகக் கேட்கவில்லை. 'நிறைய பேரிடம் கேட்டால்தான் தரம் கூடும்' என்று நினைத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கூகுள் ஃபார்ம் அனுப்பிவிட்டு, வந்த பதில்களை எண்ணி ஒரு வரைபடமும் போட்டு, அதற்கு மேலே குவாலிடேட்டிவ் என்று தலைப்பு வைக்கிறவர்கள் உண்டு. குழப்பத்தில் பாதி இந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

மூலத்துக்குப் போவோம். லத்தீனில் 'குவாலிஸ்' ஒரு வினாச்சொல், 'எப்படிப்பட்டது?' என்று பொருள். அதன் ஜோடி 'குவான்டஸ்', 'எவ்வளவு?'. குவாலிஸிலிருந்து 'குவாலிடாஸ்' என்ற பெயர்ச்சொல்லைச் செய்தவர் சிசரோ, கி.மு. முதல் நூற்றாண்டில். அவரும் சும்மா செய்யவில்லை, கிரேக்கத்தில் பிளேட்டோ 'எப்படிப்பட்ட' என்ற வினாவிலிருந்து 'பொயோடெஸ்' என்று ஒரு சொல்லை உருவாக்கியிருந்தார், அதற்கு லத்தீனில் சொல் இல்லையே என்று இதைக் கட்டினார். வேடிக்கை என்னவென்றால் பிளேட்டோவே அந்த இடத்தில் சாக்ரடீஸ் வாயால், 'இந்தச் சொல் உங்களுக்கு விநோதமாகப் படலாம்' என்கிற மாதிரி ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறார். கலைச்சொல் ஆக்குகிறவர்கள் கேட்டுக்கொள்ளும் மன்னிப்புக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல்!

ஆக, வேரில் நல்லது கெட்டது என்ற பேச்சே இல்லை. அது ஒரு கேள்வி, அவ்வளவுதான். 'குவாலிட்டி அரிசி', 'குவாலிட்டி டைம்' என்று உயர்வைக் குறிக்கும் பொருள் பிற்பாடு ஏறியது. நாம் பேச்சுத் தமிழில் வாங்கிக்கொண்டது இந்தப் பிற்பாட்டுப் பொருளைத்தான்.

இப்போது தமிழ்ச் சொற்கள். 'தரம்' ஏன் ஒத்துவராது? தரம் என்பது படிநிலை. முதல் தரம், மட்டத் தரம், தரம் பிரித்தல். போதாததற்கு ஏலத்தில் 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்று எண்ணவும் அதே சொல்தான். எண்ணிக்கையை விட்டு விலகி நிற்கிற ஆய்வுக்கு இதைப் பெயராக வைப்பது பொருத்தமே இல்லை.

'தன்மை'யைச் சிலர் சொல்வார்கள். 'எத்தன்மை' என்ற வினா அதற்குள் கேட்பதால் எனக்கும் பிடிக்கும், ஆனால் இலக்கணம் படித்தவர் காதில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஓடும். விட்டுவிடலாம்.

'குணம்' கொஞ்சம் சுவாரசியமான ஆள். பக்கத்து சீட்டில் இருக்கும் கன்னடக்காரரைக் கேளுங்கள், 'குணாத்மக சம்சோதனெ' என்பார். இந்தியிலும் குணாத்மக்தான். தமிழில் மட்டும் நாம் ஏன் ஒதுங்கினோம் என்றால், நம் பேச்சில் குணம் என்பது ஒருவரின் சுபாவம், அல்லது நோய் குணமாவது. ஆனால் வடசொல் என்று தள்ளிவிட முடியாது, தொல்காப்பியரே பண்புத்தொகைக்கு இலக்கணம் சொல்லும்போது 'வண்ணத்தின் வடிவின் அளவின் சுவையின்' என்று தொடங்கி 'அதன் குணம் நுதலி' என்றுதான் போகிறார்.

அந்த வரியை இன்னொரு தரம் படியுங்கள். வண்ணம், வடிவு, அளவு, சுவை. அளவும் பண்பில் ஒன்று! நாம் இன்று பண்புசார் ஆய்வு, அளவுசார் ஆய்வு என்று எதிரெதிராக நிறுத்தி வைத்துச் சண்டை பிடிக்கிறோமே, தொல்காப்பியர் கணக்கில் அளவு என்பது ஒரு பொருளின் பல பண்புகளில் ஒன்று. எனக்கு இது வெறும் இலக்கணத் துணுக்காகப் படவில்லை. ஒரு விஷயம் எப்படிப்பட்டது என்று விசாரிக்கப் போனால் 'எவ்வளவு' என்பதும் அதற்குள் தானாக வரும், ஆனால் எவ்வளவு என்று மட்டும் விசாரித்தால் மற்ற மூன்றும் வராது. இரண்டையும் சேர்த்துச் செய்கிற கலப்பு முறை ஆய்வுக்காரர்கள் இந்தச் சூத்திரத்தைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

சரி, 'பண்பு' என்றால் பொது வாசகருக்கு 'பண்பான பிள்ளை'தானே நினைவு வரும், ஏதோ ஒழுக்கம் பற்றிய ஆய்வு என்று நினைத்துவிட மாட்டார்களா? நினைப்பார்கள். ஆனாலும் தமிழ்வழியில் பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு இந்தச் சொல் ஏற்கெனவே வேறு பொருளில் பழக்கம். ஆய்வகத்தில் ஒரு உப்பைக் கையில் கொடுத்து அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்களே, அது பண்பறி பகுப்பாய்வு. எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது வேறு சோதனை. 'பண்பறி ஆய்வு' என்றே இங்கேயும் வைத்திருக்கலாம், வினை உள்ளே இருப்பதால் அது உயிரோடு இருக்கிறது, 'சார்' போட்ட சொல்லெல்லாம் அலுவலக வாசனை அடிக்கிறது என்பது என் தனிப்பட்ட முறைப்பாடு. ஆனால் பண்புசார் ஆய்வு என்பது பாடநூல், கருத்தரங்கு, ஆய்வேடு எல்லாவற்றிலும் பரவிவிட்டது. பரவிய சொல்லோடு மல்லுக்கட்டாமல் அதையே எழுதுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த வேர்ச்சொல் கதையால் என்ன லாபம் என்றால், ஆய்வுக் கேள்வியைச் சோதிக்க ஒரு வழி கிடைக்கிறது. உங்கள் கேள்வியின் வினாச்சொல் எது என்று பாருங்கள். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 அன்று சக்தி திட்டம் தொடங்கியது, பெண்களுக்கு அரசின் சாதாரணப் பேருந்துகளில் இலவசம். 'இத்திட்டத்தில் பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை இலவசப் பயணம் செய்கிறார்கள்?' என்றால் அது எண்ணிக்கைக் கேள்வி, அதற்கு பெங்களூரு நகரப் பேருந்துக் கழகமான பி.எம்.டி.சி.யின் டிக்கெட் கணக்கே போதும், நீங்கள் யாரையும் உட்கார வைத்துப் பேச வேண்டாம். 'ஈஜிபுராவிலிருந்து எச்.எஸ்.ஆர். லேஅவுட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் தமிழ்ப் பெண்கள், பஸ் இலவசமான பிறகு தங்கள் நாளை எப்படி மாற்றி அமைத்துக்கொண்டார்கள், யாரிடம் கேட்காமல் எங்கே போக முடிகிறது?' என்றால் டிக்கெட் மெஷினுக்கு அது தெரியாது. இதுதான் பண்புசார் கேள்வி. 'எப்படி', 'ஏன்', 'எத்தகைய' என்று வந்தால் இந்தப் பக்கம், 'எத்தனை', 'எவ்வளவு', 'எத்தனை சதவீதம்' என்று வந்தால் அந்தப் பக்கம். விதிவிலக்கு உண்டு, தொடக்கத்துக்கு இது போதும்.

அப்புறம் யாரிடம் பேசுவது. இங்கே சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆள் எடுப்பதில்லை, விஷயம் தெரிந்தவர்களைத் தேடிப் பொறுக்குவது, நோக்கமுறைக் கூறெடுப்பு என்பார்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. சக்தி திட்டத்துக்குக் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். இருபது வருஷமாக இங்கேயே இருந்தும் ஆதாரில் இன்னும் கிருஷ்ணகிரி முகவரியே வைத்திருக்கும் அக்கா, அதே பஸ்ஸில், அதே சீட்டில், காசு கொடுத்துத்தான் போக வேண்டும். இந்த இரண்டு வகையினரையும் சேர்க்காமல் ஒரு வகையோடு மட்டும் பேசிவிட்டு வந்தால் ஆய்வு பாதிதான். ஒருவர் மூலம் இன்னொருவரைப் பிடிப்பதை 'பனிப்பந்து' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள், பனியே பார்க்காத ஊருக்கு. சங்கிலிமுறை என்றாலே புரியும்.

எத்தனை பேர் போதும்? எண்ணே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எண்ணைக் கேட்கிறார்களே என்று எரிச்சல்படாதீர்கள், எல்லாரும் கேட்பதுதான். 1967இல் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் தந்த கருத்து 'நிறைவு': புதிதாகப் பேசுகிறவர்கள் புதிதாக எதையும் சேர்க்காத கட்டம். 2006இல் வந்த ஒரு கட்டுரை, மேற்கு ஆப்பிரிக்காவின் இரண்டு நாடுகளில் எடுத்த 60 நேர்காணல்களை வைத்துப் பார்த்ததில், முதல் 12க்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டதாகக் கண்டது. அன்றிலிருந்து 12 என்பது ஒரு மந்திர எண் மாதிரி சுற்றுகிறது. அது ஓரளவு ஒரே மாதிரியான ஆட்களிடம், குறுகிய கேள்விகளோடு எடுத்தது. முகவரி உள்ளவர், இல்லாதவர் என்று பிரியும் நம் ஆய்வுக்கு அதை அப்படியே தூக்கிவரக் கூடாது.

நேர்காணல் என்ற சொல் வேலைக்கான இன்டர்வியூவையும் குறிக்கும், அதனால் அக்காக்களிடம் அதைச் சொன்னால் பயந்துவிடுவார்கள். பேட்டி என்றால் டிவி. (பேட்டி, இந்தியிலும் மராத்தியிலும் சந்திப்பைக் குறிக்கும் 'பேட்' என்பதற்கு உறவு.) உண்மையில் வேண்டியது ஆறஅமரப் பேச்சு. 'பஸ் இலவசமானது உங்களுக்கு உதவியா இருக்கா?' என்று கேட்டால் 'ஆமா' என்று வரும், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க நீங்கள் கேட்டால் நிச்சயம் 'ஆமா'தான் வரும். 'நேத்து காலையில வீட்டை விட்டுக் கிளம்புனதுல இருந்து சொல்லுங்கக்கா' என்று விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால், மேஸ்திரி வீட்டுக்காரரிலிருந்து கண்டக்டர் முறைத்தது வரை வரும். நீங்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்பதும் பதிலை மாற்றுகிறது என்பதை எழுதிவைப்பதைத் தன்னிலை விளக்கம் என்கிறார்கள். அலங்காரத்துக்கு ஒரு பத்தி எழுதிச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது, பாவம்.

களக்குறிப்பு பற்றி ஒரு கதை. மைசூரு வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் 1948இல் தங்கி ஆய்வு செய்த சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ், பல வருஷம் ஒழுங்குபடுத்திய குறிப்புகளோடு ஸ்டான்ஃபோர்டில் உட்கார்ந்திருந்தபோது, 1970 ஏப்ரலில் யாரோ வைத்த தீயில் அவற்றின் மூன்று பிரதிகளும் போயின. மூன்றும் ஒரே இடத்தில். பிறகு நினைவிலிருந்தே அந்த ஊரைப் பற்றி எழுதினார், நூல் 1976இல் வந்தது. ஊருக்கு அவர் வைத்த ராம்புரா என்ற பெயரும் புனைபெயர். எழுபதுகளில் நம் பெங்களூருவுக்கே பணிபுரிய வந்துவிட்டார், கடைசிவரை இங்கேதான். நீங்கள் இரண்டு இடத்தில் பேக்கப் வையுங்கள், ஆனால் பேசியவர்களின் உண்மைப் பெயர்ப் பட்டியலைக் குறிப்புகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

கடைசிச் சொல் 'ஆய்வு'. கீரை ஆய்கிறோமே, அதே ஆய்தான். தொல்காப்பியம் உரியியலில் ஆய்தல் உள்ளிட்ட நான்கு சொற்களுக்கு 'உள்ளதன் நுணுக்கம்' என்று பொருள் சொல்கிறது, இருப்பதை நுணுக்கமாக்குவது. பதிவு செய்த பேச்சை எழுத்தாக்கி, வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறிப்பெயர் கொடுத்து, ஒத்தவற்றைச் சேர்த்துக் கருப்பொருள் எடுக்கிற வேலைக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. 'கோடிங்' என்கிறார்கள் இதை, பெங்களூருவில் அந்தச் சொல்லைச் சொன்னால் பைதானா ஜாவாவா என்று கேட்பார்கள், அதனால் 'குறியிடல்' என்றே சொல்லிப் பழகுங்கள். இங்கே புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். மூன்று பேச்சு முடிந்ததும் தலைப்புகளை முடிவுசெய்து, மீதிப் பேச்சுகளை அதற்குள் திணிக்கிறார்கள். எழுத்தாக்குவதையும் இயந்திரத்திடம் முழுசாக விட்டுவிடாதீர்கள், கன்னடமும் தமிழும் கலந்த ஈஜிபுராத் தமிழில் அது 'பேக்கு' (கன்னடத்தில் 'வேண்டும்') என்பதை எதுவாக மாற்றும் என்று சொல்ல முடியாது.

ஒப்புதல் வாங்கும்போது மட்டும் இத்தனை கலைச்சொல்லையும் பையில் போட்டுவிடுங்கள். 'அக்கா, பஸ்ஸுல போறது வர்றது பத்தி ஒரு மணி நேரம் பேசணும், போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிறேன், உங்க பேரை எழுத மாட்டேன், பிடிக்கலைன்னா நடுவுல நிறுத்திடலாம், வேலை பாக்குற வீட்டுல யாருக்கும் இது போகாது' என்று சொன்னால் போதும். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் பேசலாமா வேண்டாமா என்று அவர்கள் முடிவுசெய்வார்கள், அதனால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.