பெட்ரோல் முள் ஏன் திடீரென்று விழுகிறது?

எங்கள் வீட்டுக் கார் 1999 மாடல். சில மாதங்களாகவே அதன் பெட்ரோல் முள் கால் டேங்கை நெருங்கியதும் அடிக்கு விழும். ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் மறுபடி எழுந்து நிற்கும். புலி வருது கதைதான். விழுந்து விழுந்து எழுந்ததால் அதை நம்புவதையே விட்டுவிட்டேன். ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோது முள் விழுந்தது. அந்த முறை எழவில்லை. இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. பின்சீட்டில் அம்மா, மடியில் மருந்துப் பை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மர்ஃபி டவுனில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாவிடம் வண்டியைக் கொண்டுபோனேன். குடியாத்தத்துக்காரர். "மீட்டரை மாத்திடலாமாண்ணா?" என்று கேட்டேன்.

"மீட்டர் என்னப்பா பண்ணும்? டேங்க்ல இருக்கிறவன் சொல்றதைத்தானே அது காட்டும்," என்றார்.

அந்த "டேங்க்ல இருக்கிறவன்" யார் என்று தெரிந்துகொண்டால் இந்தக் கோளாறில் பாதி புரிந்துவிடும். பட்டறைகளில் அதை ஃப்ளோட் என்பார்கள், டேங்க் யூனிட் என்றும் சொல்வார்கள். ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பிக் கை, கையின் மறுமுனையில் மின்தடைப் பட்டை ஒன்றின் மேல் உரசிக்கொண்டு நகரும் சின்ன உலோக விரல். அவ்வளவுதான். பெட்ரோல் இறங்கினால் மிதவை இறங்கும், விரல் நகரும், மின்சாரம் கடக்க வேண்டிய பட்டையின் நீளம் மாறும். பல ஜப்பானிய வகைக் கார்களில் டேங்க் நிறைந்திருந்தால் தடை சில ஓம், காலியானால் 100 ஓமை ஒட்டி வரும். பல ஐரோப்பிய வண்டிகளில் இது தலைகீழ்: காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஆக, டாஷ்போர்டில் இருக்கும் முள் பெட்ரோலை அளப்பதே இல்லை. ஒரு ஒயரில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதைத்தான் அது அளக்கிறது.

முள்ளிலும் இரண்டு ஜாதி உண்டு. சாவியைத் திருப்பியதும் மெதுவாக, சோம்பலாக ஏறினால் உள்ளே இருப்பது ஈருலோகப் பட்டை. அதைச் சுற்றியுள்ள கம்பி சூடாக, இரண்டு உலோகமும் வெவ்வேறு அளவில் விரிய, பட்டை வளைந்து முள்ளைத் தள்ளும். சூடாவதற்கு நேரம் எடுப்பதால்தான் டேங்குக்குள் பெட்ரோல் அலையடித்தாலும் முள் ஆடுவதில்லை. இன்னொரு ஜாதியில் இரண்டு காந்தச் சுருள்கள் முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அதில் ஆட்டத்தை அடக்கக் கெட்டியான எண்ணெய் விட்டிருப்பார்கள்.

பெட்ரோலுக்குள் மின்சாரமா என்று பலர் பயப்படுவார்கள். நியாயமான பயம்தான். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் பற்றும். மூடிய டேங்குக்குள் ஆவி அதைவிட மிக அடர்த்தியாக இருக்கும், அதனால் பற்றுவதற்குப் போதுமான காற்று அங்கே இல்லை. ஓடும் மின்சாரமும் மிகக் குறைவு. ஆனால் மூடியைத் திறந்த நிமிடத்திலிருந்து இந்தக் கணக்கு மாறிவிடும்: வெளிக்காற்று உள்ளே போகும், ஆவி வெளியே வரும். அண்ணா முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். கைபேசிகளைக் கடைக்குள் வைக்கச் சொன்னார். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தினார். டேங்க் மூடியின் வளையத்தைத் தட்டித் திருப்பப் பித்தளைத் துண்டுதான். இரும்பை இரும்பால் அடித்தால் பொறி வரும். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் இதில் ஒன்றையும் விடக் கூடாது.

ஆனால் பேட்டரியைக் கழற்றி டேங்கைத் திறப்பதற்கு முன்பே ஒரு சோதனை செய்து பார்த்துவிட்டார். பின்சீட்டைத் தூக்கி, ஃப்ளோட்டுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினார்: முள் காலிக்குப் போனது. அதே ஒயரை ஒரு கணம் பாடியில் தொட்டார்: முள் நிறைவை நோக்கி ஏறியது. நாலைந்து நொடிக்கு மேல் தொட்டுக்கொண்டே இருந்தால் மீட்டரின் சூட்டுக் கம்பி கருகிவிடும், ஜாக்கிரதை. மீட்டரும் நல்லது, ஒயரும் நல்லது என்று இதிலேயே தெரிந்துவிட்டது. ஃப்ளோட்டைப் பாடியோடு இணைக்கும் எர்த் ஸ்க்ரூவில் துரு ஏறியிருந்தது. அங்கே மட்டும் 9 ஓம் காட்டியது. எங்களுடையதைப் போன்ற ஜப்பானிய வகை வண்டியில் இப்படிக் கூடும் ஒவ்வொரு ஓமும் முள்ளைக் கீழே இழுக்கும். நிறையப் பேருக்கு இந்த ஒரு ஸ்க்ரூவைச் சுரண்டினாலே வேலை முடிந்துவிடும். எங்களுக்கு முடியவில்லை.

ஃப்ளோட்டை வெளியே எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்தோம். மின்தடைப் பட்டையாக இருந்தது ஒரு பீங்கான் தகடு. அதன் மேல் மெல்லிய வெள்ளிநிறக் கோடுகள், சீப்பின் பற்கள் போல வரிசையாக. அவற்றின் குறுக்கே விரல் ஓடிய தடம் ஒரு வளைவாகத் தெரிந்தது. முக்கால்வாசித் தடம் பளபளவென்று இருந்தது. காலி முனைக்குச் சற்று முன்னால் மட்டும் கோடுகள் தேய்ந்து, ஓரத்தில் கறுத்திருந்தன. தடையை அளக்கும் மல்டிமீட்டரைக் கொடுத்து, ஃப்ளோட்டின் கம்பிக் கையை மெல்ல நகர்த்தச் சொன்னார். 4 ஓம், 20, 50, 72 என்று ஒழுங்காக ஏறியது, அப்புறம் அளவே இல்லை, சர்க்யூட் அறுந்துபோனது. இன்னும் கொஞ்சம் நகர்த்தியதும் 98. அந்த அறுந்த இடத்தில்தான் எங்கள் முள் இத்தனை நாளும் விழுந்துகொண்டிருந்தது. டிஜிட்டல் மல்டிமீட்டர் வேகமான அறுப்புகளைத் தவறவிடும். இந்தச் சோதனைக்குப் பழைய முள் வைத்த மல்டிமீட்டர்தான் எனக்குப் பிடித்தது.

ஏன் சரியாக அந்த இடம்? நாங்கள் எப்போதுமே 500 ரூபாய்க்குத்தான் பெட்ரோல் போடுவோம். இன்றைய விலையில் அது 5 லிட்டர்கூட வராது. ஆக மிதவை வருடக்கணக்காக ரிசர்வுக்கும் கால் டேங்குக்கும் நடுவிலேயே மிதந்திருக்கிறது. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்ரோல் அலையடிக்க, விரல் அந்த ஒரே இடத்தில் முன்னும் பின்னும் உரசியிருக்கிறது. எங்கள் குடும்பம் பெட்ரோல் போட்ட வழக்கம் முழுக்க அந்தத் தகட்டில் பதிந்திருந்தது. எந்த அளவில் முள்ளின் தயவு நமக்கு அதிகம் தேவையோ, அங்கேதான் அது முதலில் தேய்கிறது.

கறுப்புக்குக் காரணம் வேறு. வெள்ளிக் கொலுசு கறுக்கிறதே, அதே வேதியியல்: வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் வெள்ளி சல்பைடு. பெட்ரோலில் உள்ள கந்தகம் தகட்டின் வெள்ளிக் கோடுகளில் அந்தப் படலத்தைப் போர்த்துகிறது. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா, லூசியானா பகுதிகளில் கந்தகம் கூடிப்போன பெட்ரோல் விற்பனைக்கு வந்து, ஏராளமான கார்களில் அளவு முட்கள் இதே காரணத்தால் கெட்டுப்போயின. நம் நாட்டில் 2020 ஏப்ரலிலிருந்து பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டக் கூடாது. 2000 வாக்கில் அந்த வரம்பு 1,000 பங்காக இருந்தது. எங்கள் கார் தன் இளமையில் குடித்தது அந்தப் பெட்ரோல்.

கொலுசை விபூதி போட்டுத் தேய்க்கலாம், இந்தத் தகட்டைத் தேய்க்கக் கூடாது. கோடுகள் தலைமுடியைவிட மெல்லியவை. உப்புத்தாள் பட்டால் கறுப்போடு வெள்ளியும் போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி, பிறகு பள்ளிக்கூடப் பென்சில் ரப்பர், அதுவும் அழுத்தாமல். தேய்ந்த இடத்துக்கு அண்ணா செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நோஸ் பிளேயரால் விரலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பக்கவாட்டில் வளைத்தார். இப்போது அது பழைய தடத்துக்குப் பக்கத்தில், யாரும் நடக்காத புதுத் தடத்தில் ஓடுகிறது. மல்டிமீட்டரில் 4 முதல் 108 வரை ஒரு இடத்திலும் அறுபடவில்லை.

இன்னும் பழைய வண்டிகளில் தகட்டுக்குப் பதில் கம்பி சுற்றிய பட்டை இருக்கும். அந்தக் கம்பி அறுந்தால் சாதாரண ஈயம் அதில் ஒட்டாது. சிவாஜிநகரின் குஜரிக் கடைகளில், அதாவது பழைய சாமான் கடைகளில், வேறு யூனிட் தேடுவதுதான் வழி. மிதவை ஓட்டையானால் அதைக் குலுக்கினாலே உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்கும். அதைச் சூட்டுக்கோல் வைத்து அடைக்க முயலவே கூடாது, புதிது வாங்குங்கள். எங்களுக்குப் புதிதாகத் தேவைப்பட்டது ரப்பர் கேஸ்கெட் மட்டும், அது ஜே.சி. ரோட்டில் கிடைத்தது. சாதாரண சிலிக்கான் பசையைப் பெட்ரோல் தின்றுவிடும், அதை நம்பக் கூடாது.

கடைசியாக ஒரு வேலை. டேங்கை வடித்துவிட்டு, சமதரையில் 2 லிட்டர் 2 லிட்டராக ஊற்றி, முள் நிற்கும் இடத்தை ஒரு தாளில் வரைந்தேன். 28 லிட்டர் டேங்கில் 24 லிட்டரிலேயே முள் நிறைவைத் தொட்டுவிட்டது. மிதவை டேங்கின் கூரையை முட்டிய பிறகு அதற்கு மேலே போக இடமில்லை. டேங்க் ஃபுல் போட்ட பிறகு ரொம்ப தூரம் முள் அசையாமல் நிற்பது இதனால்தான். மைலேஜ் கூடிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டதுண்டு. கால் கோட்டில் நின்றபோது உள்ளே 8 லிட்டர், ரிசர்வ் கோட்டில் ஏறக்குறைய 5.

அந்தத் தாளை டாஷ்போர்டு பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். போன வாரம் முள் மெல்ல இறங்கி ரிசர்வ் கோட்டில் நின்றது. விழவில்லை. பெட்ரோல் பங்கில் முழுக்க நிரப்பச் சொன்னேன், 23.2 லிட்டர் பிடித்தது.