பட்டத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என் துறை அறைக்கு வந்தாள். பி.எஸ்சி. பயோடெக்னாலஜியில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். பள்ளி நாளிலிருந்தே அவளுக்கு இந்திய வனப்பணி மீது ஆசை. “சார், நோட்டிஃபிகேஷன்ல என் சப்ஜெக்டே இல்ல” என்று கைபேசியை நீட்டினாள்.

வாங்கிப் படித்தேன். கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல். பட்டப்படிப்பில் இவற்றுள் ஒன்றாவது பாடமாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். அவளுக்கு அலைடு பாடங்கள் உயிர்வேதியியலும் கணினியும். மூன்று வருடம் உயிரினங்களைப் பற்றியே படித்தவள், தேர்வு மண்டபத்துக்குள் நுழையவே முடியாமல் போனாள். சேர்க்கை நாளன்று ஒருவராவது அவளிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்படியானால் விலங்கியல், தாவரவியல்தான் பாதுகாப்பா? அதுவும் இல்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011ஆம் ஆண்டு விதிகளில் உள்ள கல்வித் தகுதியில் பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, உயிர்வேதியியல் எல்லாம் உண்டு. விலங்கியலும் தாவரவியலும் இல்லை. ஒரு வாசல் இவர்களுக்குத் திறந்தால் இன்னொன்று அவர்களுக்குத் திறக்கிறது. ஆசிரியர் வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். புதுப்புதுப் பெயர்களில் வரும் பட்டங்களுக்கு, விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று பி.எட். சேர்வதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். மருத்துவமனை லேபில் வேலை பார்க்கலாம் என்று மைக்ரோபயாலஜி எடுக்கிறவர்களும் உண்டு. நோயாளியின் ரத்த மாதிரியைப் பரிசோதிப்பதற்கென்று மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் என்ற தனிப் படிப்பே இருக்கிறது; மைக்ரோபயாலஜி அது அல்ல. 2021இல் வந்த சட்டம் அந்தத் தொழிலைப் பதிவு முறைக்குள் கொண்டுவந்துவிட்டது.

அதனால் ‘எந்தப் படிப்புக்கு ஸ்கோப் அதிகம்’ என்று என்னிடம் கேட்கும் பெற்றோரிடம், “பிள்ளைக்கு என்ன வேலை பிடிக்கும், அந்த வேலையின் பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்துப் படித்தீர்களா?” என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். பெரும்பாலும் படித்திருக்க மாட்டார்கள். பத்து நிமிட வேலை அது.

அடுத்தது கணக்கு. பிளஸ் டூவில் கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் பிரிவு எடுத்தவர்கள் கணக்குக்கு முழுக்குப் போட்ட நிம்மதியோடு எங்களிடம் வருகிறார்கள். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வில் பயோடெக்னாலஜி தாளைப் பாருங்கள்: உயிரியலோடு பிளஸ் டூ அளவிலான வேதியியல், இயற்பியல், கணிதம் மூன்றும் உண்டு. மத்திய அரசின் உதவி பெறும் பயோடெக்னாலஜி முதுநிலைப் படிப்புகளுக்கான ஜிஏடி-பி தேர்விலும் முதல் பகுதி அப்படித்தான். ஜாம் பிப்ரவரியில் நடக்கும். மூன்றாம் ஆண்டு தீபாவளிக்கு அப்புறம் கணக்குப் புத்தகத்தைத் தொட்டால் நேரம் போதாது. முதல் ஆண்டிலிருந்து வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும், பயம் போய்விடும். மடக்கை, நிகழ்தகவு, அடிப்படை நுண்கணிதம், இவ்வளவில் தொடங்குங்கள். ஆராய்ச்சிக்குப் போனாலும் புள்ளியியல் இல்லாமல் ஒரு நாள்கூட நகராது.

நீட் மறுபடி எழுதுவதற்காக வகுப்பில் ஒரு காலை மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். எழுதட்டும், அதில் தவறில்லை. ஆனால் அந்த வருடத்துச் செய்முறை வகுப்புகள் திரும்ப வராது. ரெக்கார்டு நோட்டை நண்பனிடம் வாங்கி வரைந்துவிடலாம். மிகச் சிறு அளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டைப் பிடிக்கும் கைப்பழக்கத்தை அப்படி வாங்க முடியாது. நேர்காணலில் “நீங்களே செய்தீர்களா, பார்த்தீர்களா?” என்று கேட்பார்கள். மூன்றாவது கேள்விக்குள் உண்மை வெளியே வந்துவிடும்.

நம் கல்லூரிகளில் கருவிகள் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் கோடை விடுமுறை முக்கியம். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்தில், உதவித்தொகையோடு இரண்டு மாதம் ஆய்வகங்களில் வேலை செய்யலாம். விண்ணப்பம் வழக்கமாக நவம்பரிலேயே முடிந்துவிடும்; ஏப்ரலில் வந்து கேட்டால் பயனில்லை. என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று நீங்களே சிறு குறிப்பு எழுத வேண்டும், ஆசிரியரின் பரிந்துரையும் வேண்டும். கூச்சப்படாமல் எங்களிடம் வந்து கேளுங்கள்.

அந்த மாணவி இப்போது மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் களப் பணியாளராக இருக்கிறாள். விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் கேமரா டிராப்புகளில் பதிவாகும் படங்களைப் பிரித்து, எந்த விலங்கு எந்த நேரத்தில் நடமாடுகிறது என்று கணக்கெடுக்கும் வேலை. காட்டுக்குள் போய்விட்டாள், சீருடை மட்டும் இல்லை. சென்ற மாதம் போனில் பேசியபோது அவள் கேட்டது ஒன்றுதான்: “இந்த வருஷம் ஃபர்ஸ்ட் இயர் பசங்ககிட்ட அந்த லிஸ்டைக் காட்டிட்டீங்களா சார்?”