பேட் மட்டும் மாற்றினால் போதுமா? முன்சக்கர டிஸ்க்கையும் அளந்து பாருங்கள்

என் பட்டறையில் பிரேக் பேட் மாற்றச் சம்மதிப்பவர்கள்கூட, அந்த பேட் இறுக்கிப் பிடிக்கும், சக்கரத்தோடு சுழலும் வட்டான டிஸ்க்கையும் மாற்ற வேண்டும் என்றதும் முகம் சுளிக்கிறார்கள். “இரும்புதானே, அது எங்கே தேயப்போகிறது?” என்று கேட்கிறார்கள். தேயும். பேட் அளவுக்கு வேகமாக இல்லாவிட்டாலும், வார்ப்பிரும்பு டிஸ்க்கும் தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது.

எவ்வளவு தேயலாம் என்பதைப் பெரும்பாலும் டிஸ்க்கின் மீதே பொறித்திருப்பார்கள். விளிம்பிலோ கிண்ணம் போன்ற நடுப்பகுதியிலோ கம்பி பிரஷால் துருவைத் தேய்த்தால் குறைந்தபட்சத் தடிமன் தெரியும். புதிதில் 22 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு 20 மி.மீ. வரம்பு என்பது சிறிய கார்களில் சாதாரணம். ஆக, இரு முகமும் சேர்த்துத் தேய்வதற்கு இடம் 2 மி.மீ.தான்.

அளப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். பேட் படாத வெளிவிளிம்பு தேயாமல் வரப்பு போல நின்றுவிடும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். வெர்னியர் அளவுகோலை வெளியிலிருந்து மாட்டினால் தாடைகள் அந்த வரப்பின் மேலேயே உட்கார்ந்து 21.6 என்று காட்டும். அதே டிஸ்க்கில், பேட் உரசும் இடத்தில் மைக்ரோமீட்டரை வைத்தால் 19.8 வரும். முதல் அளவை நம்பினால் நல்ல டிஸ்க், இரண்டாவதை நம்பினால் கழிக்க வேண்டிய டிஸ்க்.

மெலிந்த டிஸ்க் தட்டையான ஊர்ச் சாலையில் ஒன்றும் சொல்லாது. வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் அதன் குணம் தெரியும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே. இரும்பு குறைந்த டிஸ்க் சீக்கிரம் கொதித்து, சூட்டை, பேட்டை அழுத்தும் காலிப்பருக்கும் பிரேக் ஆயிலுக்கும் கடத்திவிடும். டாட் 4 (DOT 4) தரத்து பிரேக் ஆயில் புதிதில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கான தரவரம்போ 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சாக அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டாம் கியரில் இறங்குங்கள் என்று எத்தனை பலகை வைத்தாலும் பிரேக்கிலேயே காலை ஊன்றி இறங்குபவர்கள் குறைந்தபாடில்லை.

“லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடுங்களேன்” என்பது அடுத்த கோரிக்கை. கடைந்த பிறகும் வரம்புக்கு மேல் தாராளமாகத் தடிமன் மிஞ்சும் என்றால் சரி. வரம்பை ஒட்டி நிற்கும் டிஸ்க்கைக் கடைவது, இருக்கிற கொஞ்ச இரும்பையும் கூலி கொடுத்துச் சீவுவதுதான். நான் செய்வதில்லை. ஒரு பக்கம் மட்டும் மாற்றச் சொன்னாலும் அப்படித்தான். இரு முன்சக்கரங்களுக்கும் டிஸ்க்கும் பேட்டும் சேர்ந்தே மாற வேண்டும்.

புது டிஸ்க் போட்டுச் சில ஆயிரம் கிலோமீட்டரில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று வந்தால், “டிஸ்க் கோணிவிட்டது, மட்டமான சரக்கு” என்று பழி பொருள்மீது விழும். கழற்றிப் பார்த்தால் பல நேரம் குற்றவாளி டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் ஹப்பின் முகத்தில் இருக்கும் துரு. அதைச் சுரண்டாமல் டிஸ்க்கை உட்கார வைத்தால், அங்கே தலைமுடி அளவு சாய்வு விளிம்பில் பெரிதாகி ஆடும். ஆடும் டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டில் உரசி ஏற்றத்தாழ்வாகத் தேயும். நடுக்கம் அதிலிருந்துதான். டயல் கேஜ் என்ற முள் அளவி வைத்து ஆட்டத்தைப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. வீல் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி முறுக்காமல், எதிரெதிராக, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சில் சொன்ன அளவுக்கு இறுக்குவதும் இதற்காகத்தான்.

புது டிஸ்க்கின் துருத்தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். முதல் 200, 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்த்தால் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும். எல்லாவற்றுக்கும் முன்னால், பட்டறையிலிருந்து வண்டியை எடுப்பதற்குமுன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். பேட் மாற்றும்போது, அதை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம். அது திரும்ப வெளியே வந்து பேட்டைத் தொடும்வரை முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பட்டறையின் எதிர்ச்சுவரில் போய் முட்டிய கார்கள் உண்டு.